சின்னாங்குளத்தைச் சுற்றும் பச்சைக் கார்

கண்ணுசாமி சின்னாங்குளத்துக்குள் கார் ஓட்ட ஆரம்பித்தது ஐம்பத்தாறாம் வருசம் சித்திரை மாசம். அறுபத்துமூன்று ஐப்பசி வரைக்கும் அவன் வண்டியை நிறுத்தவில்லை. பெட்ரோல் மூன்றாம் நாளே தீர்ந்துபோனது. அதற்குப் பிறகு வண்டி எதில் ஓடியது என்று ஊரில் ரொம்பப் பேர் கேட்கவில்லை. கேட்ட ஒன்றிரண்டு பேரும் வெயில் தாங்காமல் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அவன் பெண்டாட்டி ஒச்சம்மாள் மட்டும் தினமும் உச்சிப்பொழுதுக்குக் கீழ்க்கரையில், வண்டி வளைவுக்காக வேகம் குறையும் இடத்தில், தூக்குச்சட்டியோடு நின்று தலையில் அடித்துக்கொண்டாள்.

இத்தனைக்கும் மூலகாரணம் பூசாரி பொம்மையனின் முழங்கால் வலி. ரெட்டியார்சத்திரத்துக்கு வடக்கே, குளத்தின் கீழ்க்கரையில் வெள்ளாரங்கரை, மேல்கரையில் காக்கையன்பட்டி. குளம் யாருக்குச் சொந்தம் என்று இரண்டு ஊரும் மூன்று தலைமுறையாக அடித்துக்கொண்டிருந்தன. மூன்று வருசமாக மழை இல்லாமல் குளத்தில் ஒரு சொட்டுத் தண்ணி கிடையாது, சண்டைக்கு மட்டும் குறைச்சல் இல்லை. காய்ந்து அம்மிக்கல்லாகக் கிடந்த அந்தத் தரையில் கார் பந்தயம் விடலாம் என்று திண்டுக்கல்லில் தோல் ஷாப் வைத்திருந்த அப்துல் லத்தீப்புக்கும் பூட்டுப் பட்டறை கிறிஸ்துராஜுக்கும் யோசனை வந்தது. சுண்ணாம்புக் கோடு போட்டு வட்டமாக ஒரு தடம் அடித்தார்கள். வெள்ளாரங்கரைக் கண்ணுசாமி திண்டுக்கல் பஸ் ஷெட்டில் மெக்கானிக். கழித்துப்போட்ட சாமான்களைப் பொறுக்கி ஒரு பச்சைக் காரைக் கட்டிவைத்திருந்தான். பொண்டாட்டிக்கு ஒரு அம்மி கொத்திக் கொடுக்க நேரம் இல்லாத மனுசனுக்கு அதற்கு மட்டும் நேரம் இருந்தது.

பந்தயத்துக்கு முதல் நாள் வெள்ளாரங்கரை அம்மனுக்குக் காப்புக்கட்டு. பூசாரி ஊரின் எல்லையை ஒரு சுற்றுச் சுற்றி, ரத்தச்சோறு எறிந்து, எல்லையைக் கட்ட வேண்டும். கட்டிவிட்டால் திருவிழா முடிந்து காப்பை அவிழ்க்கிறவரைக்கும் அது கட்டினது கட்டினதுதான். நடந்தே சுற்றுவதுதான் வழக்கம். பொம்மையனுக்கு முழங்கால் வீங்கிக் கிடந்ததால், “ஏலே கண்ணுசாமி, ஒன் வண்டியில என்னைய ஒரு சுத்து சுத்தி விட்டுரு அப்பு” என்றார். மஞ்சள் கயிற்றை ஸ்டியரிங்கில் கட்டி, ரத்தச்சோற்றுப் பானையை மடியில் வைத்துக்கொண்டு, அருள் வந்து கண்ணை மூடிக்கொண்டார். கண்ணுசாமி பார்த்தான். எப்படியும் ஒரு சுற்று, நாளைக்குப் பந்தயம், கை பழகின மாதிரியும் இருக்கும் என்று வண்டியைக் குளத்துக்குள் இறக்கிச் சுண்ணாம்புக் கோட்டின் மேலேயே விட்டான். பொம்மையன் சோற்றை எறிந்து, “கட்டியாச்சு எல்லை” என்று கண்ணைத் திறந்தபோது, ஊரையே காணோம். குளத்து வளைவில் வண்டி குலுங்கியதில் பூசாரி கீழே விழுந்தார். முழங்கால் வலி அத்தோடு போனது. வண்டி நிற்கவில்லை.

மறுநாள் பந்தயம் நடந்தது. கண்ணுசாமிதான் ஜெயித்தான், மற்ற இரண்டு வண்டிகளும் நின்ற பிறகும் அவன் ஓடிக்கொண்டே இருந்ததால் அதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. வெள்ளிக் கோப்பையை லத்தீப்தான் கூடவே ஓடி ஜன்னல் வழியாகக் கொடுத்தார். அவன் அதில் கஞ்சி குடித்தான்.

காப்பை அவிழ்த்துவிட்டால் தீர்ந்தது என்றுதான் ஒச்சம்மாள் நினைத்தாள். அதற்குள் இரண்டு ஊரும், காப்பை அவிழ்க்க விடாமல், கூடிப் பேச ஆரம்பித்துவிட்டன. எல்லை குளத்தைச் சுற்றிக் கட்டப்பட்டதால் குளம் முழுக்க எங்களுக்கே என்றார் வெள்ளாரங்கரை நாட்டாமை வீரப்பன். ஒங்க ஊரே ஒங்க எல்லைக்கு வெளியில கெடக்கு, நீங்களும் எங்களை மாதிரி வெளியாள்தானே என்றார் காக்கையன்பட்டிப் பெரியவர் சோலைமலை. அவர் வேறு யாருமில்லை, ஒச்சம்மாளின் கூடப்பிறந்த அண்ணன். பதினோரு மாசம் பேசி இரண்டு ஊரும் ஒரே ஒரு விசயத்தில் ஒத்துப்போயின. கண்ணுசாமி எந்தக் கரையில் இறங்குகிறானோ, குளம் அந்தக் கரைக்காரர்களுக்கு. இதைக் கேட்ட நாளிலிருந்து கண்ணுசாமிக்கு இறங்கவே பயம் பிடித்துக்கொண்டது. கீழ்க்கரையில் இறங்கினால் மச்சான் வெட்டுவான், மேல்கரையில் இறங்கினால் பங்காளி வெட்டுவான். ஆகவே சுற்றினான்.

தடம் நாளாக நாளாக எல்லைக்குரிய குணங்களைப் பிடித்துக்கொண்டது. மேல்கரையில் நின்று கூப்பிட்டால் கீழ்க்கரையில் மறுநாள் காலையில்தான் கேட்கும். கீழ்க்கரை எருமை தடத்தைத் தாண்டி மேயப் போனால், திரும்பி வருகிறவரைக்கும் மடியில் பால் இருக்காது. ஒச்சம்மாள் கொண்டுபோகும் குழம்பு ஜன்னலைத் தொடும்போது அதில் பாதி உப்பு குறைந்திருக்கும். எல்லை அதை எடுத்துக்கொண்டது. அவள் வைதுகொண்டே இரண்டு மடங்கு உப்புப் போட்டாள். தொட்டுக்கொள்ளும் வெஞ்சனத்துக்கும் அப்படித்தான். சர்வேயர் ஒருவர் வந்து, சங்கிலி போட்டு அளந்து, இது எந்த ஊரிலும் சேராது என்று எழுதி, ஒரு இளநீர் குடித்துவிட்டுப் போனார். படி போய் லிட்டர் வந்தது, மைல் போய் கிலோமீட்டர் வந்தது. கண்ணுசாமி சுற்றிக்கொண்டே பழைய கணக்கில் பேசினான், அவள் ஓடிக்கொண்டே திருத்தினாள். கிணற்றுத் தண்ணியை வைத்து நாலு வெள்ளாமை அவளே எடுத்தாள். வெங்காயம் நட்டாள், கூரையை மாற்றினாள், மாமனாருக்குக் கொள்ளி வைக்கக் கொழுந்தனைக் கூப்பிட்டாள். சொந்த ஊரில் போய் நின்றால் வெள்ளாரங்கரைக்காரி என்றார்கள், புகுந்த ஊரில் காக்கையன்பட்டிக்காரி என்றார்கள். இரண்டு ஊருமே அவளிடம், ஒம் புருசனை நம்ம கரையில இறங்கச் சொல்லு தாயி என்று வந்து கெஞ்சின. வந்தவர்களுக்கெல்லாம் அவள் மோர் கொடுத்து, அவர்கள் போன பிறகு சொம்பைச் சுவரில் எறிந்தாள். ஏழு வருசத்தில் ஒன்பது சொம்பு நசுங்கியது.

அறுபத்துமூன்று ஐப்பசியில் மழை வந்தது. வந்த மழை நிற்கவில்லை. வரத்து வாய்க்கால் உடைத்துக்கொண்டு வர, ஒரே நாளில் குளத்தில் முழங்கால் தண்ணி, மறுநாள் இடுப்பளவு. கார் அதுபாட்டுக்குத் தண்ணிக்குள் சுற்றியது. கதவுக்குள் நீர் ஏறி, கண்ணுசாமியின் மடியில் கெண்டைக்குஞ்சு துள்ளியது. இரண்டு கரையிலும் இரண்டு ஊரும் குடையும் சாக்குமாக நின்றுகொண்டிருந்தன. இன்றைக்கு இறங்கித்தான் ஆகணும், நம்ம கரையில இறங்குவானா என்று பார்ப்பதற்காகத்தான் நின்றார்கள். மனுசன் முங்கிப்போவானே என்று ஒருத்தர் வாயிலும் வரவில்லை. ஒச்சம்மாள் வீரப்பனிடம் போய், கயிறு கட்டி ஆளை இழுங்க சாமி என்றாள். இந்தக் கரைக்கு இழுக்கிறதா இருந்தா இழுக்கலாம், ஆனா அவங்க ஒத்துக்கணுமே என்றார் வீரப்பன். அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். தூக்குச்சட்டியை அவர் கையில் கொடுத்துவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகித் தண்ணிக்குள் இறங்கினாள்.

வளைவில் வண்டி வந்தது. அவள் கதவைப் பிடித்து, படியில் ஏறி, கழுத்தளவுத் தண்ணியில் உட்கார்ந்திருந்தவனின் சட்டையைப் பிடித்தாள்.

“எறங்குய்யா.”

“எந்தக் கரையிலடி எறங்க? ரெண்டு ஊரும் பாத்துக்கிட்டு இருக்கு.”

“சோறு இருக்குற கரையில எறங்கு! ஏழு வருசமா ஒலையில அரிசி போட்டுட்டு நான் பாத்துக்கிட்டு இருக்கேனே, அது ஒனக்குத் தெரியலையா? ஊரு பாக்குதாம், ஊரு!”

“நான் எறங்குனா எல்லை போயிரும் ஒச்சு. வெட்டு விழும்.”

“விழட்டும். நீ செத்தா மட்டும் விழாதா?”

அதற்கு மேல் அவள் பேசவில்லை. தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து ஜன்னல் வழியாகவே வெளியே இழுத்தாள். அவன் கத்தினான், ஏழு வருசமாக மடங்கியே இருந்த கால் நிமிரவில்லை, அவளைக் கட்டிக்கொண்டு இரண்டு தடவை முங்கினான். அவள் மூக்கில் தண்ணி ஏற, வைதுகொண்டே, நெல் மூட்டையை இழுக்கிற மாதிரி அவனை இழுத்துக்கொண்டு கீழ்க்கரைக்கு வந்தாள். இரண்டு ஊரும் மூச்சை அடக்கி, கார் நிற்பதற்காகக் காத்திருந்தன.

கார் நிற்கவில்லை. ஆளில்லாத ஸீட்டோடு, மஞ்சள் கயிறு கட்டிய ஸ்டியரிங் தானே திரும்ப, அதே வளைவில் அதே மாதிரி வேகம் குறைத்து, அதே தடத்தில் போனது. ஒரு சுற்று போனது, இரண்டு சுற்று போனது. மேல்கரையில் நின்று சோலைமலை போட்ட சத்தம் வழக்கம்போல மறுநாள் காலையில்தான் வந்து சேர்ந்தது.

கண்ணுசாமி கரையில் மல்லாந்து கிடந்தபடி அதையே பார்த்தான். “நான் இல்லாமலே ஓடுதுடி,” என்றான். அதைச் சொல்லும்போது அவன் உதடு நடுங்கியது. குளிர் என்று வீரப்பன் நினைத்துக்கொண்டார்.

“மொத நாளே எறங்கியிருக்கலாம்,” என்றாள் ஒச்சம்மாள். பிறகு அவளுக்கு அழுகை வந்தது. அத்தனை வருசத்தையும் சேர்த்து, நடுக்கரையில், மழையில், ஊர் பார்க்க உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்து மூக்கைச் சிந்தி, அவனைத் தோளில் சாய்த்துக்கொண்டு வீட்டுக்குக் கூட்டிப்போனாள்.

குளம் யாருக்குச் சொந்தம் என்பது இன்னும் முடிவாகவில்லை; அவன் எங்கே இறங்கினான், பெண்டாட்டி அல்லவா இழுத்துப்போட்டாள் என்கிறது காக்கையன்பட்டி. தண்ணியை இரண்டு ஊரும் பாய்ச்சிக்கொள்கின்றன. தண்ணி நிறைந்திருக்கும் மாசங்களில் கார் அடியில் ஓடும், மேலே வட்டமாக ஒரு சுழி மட்டும் தெரியும். வறண்ட மாசங்களில் குறுக்கே போகிறவர்கள் வண்டி வந்தால் செத்த நேரம் நிற்கிறார்கள், அது போனதும் தாண்டிக்கொள்கிறார்கள்.