மேரக்காய்ப் பந்தலில் லோயிஸ்

நீலகிரி எமரால்டில் மனுவேலின் தோட்டத்துப் பூச்சிகள் ஒரு சித்திரைக் காலையில் வரிசையாக நடந்து வெளியேறின. பறக்கத் தெரிந்தவையும் நடந்தே போயின. கோசுப் புழுக்கள் முன்னால், வண்டுகள் நடுவில், தேனீக்கள் கடைசியில். வேலியைத் தாண்டி, அடுத்த தோட்டத்து முத்துராஜின் தகரக் கூரையில் ஏறி உட்கார்ந்தன. முந்திய நாள் மனுவேல் முட்டைக்கோசுக்கு மருந்தடித்துவிட்டு, டேங்கில் மீந்ததைக் கீழே கொட்ட மனமில்லாமல், அந்தப் பக்கத்தில் பலரும் செய்வதுபோல, சமவெளிக்காரர்கள் சௌசௌ என்று சொல்லும் மேரக்காயின் பந்தல்மேல் அடித்துத் தீர்த்திருந்தார். "ஏனுங்க, பூ விட்டிருக்குது, வேண்டாங்க" என்று மனைவி லோயிஸ் தடுத்தாள். "பூவுக்கும் நல்லதுதான் புள்ள" என்றார் அவர்.

முத்துராஜ் வேலியோரம் வந்து நின்றான். "ஏனுங்கண்ணா, உங்க பூச்சி பூராவும் எங்க ஊட்டு மேலதான் குடியிருக்குது. வாடகைய உங்ககிட்ட வாங்கறதா, அதுககிட்டயே கேக்கறதா?" மனுவேலும் சிரித்தார். கோசு அந்த முறை ஓர் ஓட்டைகூட இல்லாமல் விளைந்து மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போனது. பந்தலில்தான் சிக்கல். பூக்கள் காய்க்கவும் இல்லை, உதிரவும் இல்லை. மழைக்கும் பனிக்கும் வாடாமல் மாதக்கணக்கில் திறந்தே இருந்தன. அவற்றின் அடியில் நடக்கும்போதெல்லாம் மனுவேல் தலையைக் குனிந்துகொண்டார். மருந்தடிப்பதை அப்போதே நிறுத்திவிட்டார். பூச்சிகள் திரும்பவில்லை.

லோயிஸ் ஆண்பூவைக் கிள்ளி, பிஞ்சு தாங்கிய பூவில் தொட்டு வைக்கத் தொடங்கினாள். தொட்டவை காய்த்தன. விடிந்ததும் போனால் வெளிச்சம் மங்கும்வரை பந்தலடியில்தான். மகரந்தம் கழுவினாலும் விரலைவிட்டுப் போகவில்லை. அடுத்த ஆண்டு அவளுக்குச் சோறு குறைந்தது, பேச்சு குறைந்தது, தொண்டையில் ஒரு ரீங்காரம் வந்தது. சர்ச்சில் பாட்டுக்கு அதுவே சுருதியாக அமைந்ததால் யாரும் குறை சொல்லவில்லை. அதற்கடுத்த ஆண்டு பாதம் தரையில் படாமலானது. அவளுக்கு ஏணி தேவைப்படவில்லை என்பதை மட்டும் ஊர் கவனித்தது.

மனுவேல் கவனித்தது வேறு. அவர் கிட்டே போனால் அவள் விலகினாள். "உங்க கைல மருந்து வாடை அடிக்குதுங்க" என்றாள், கோபமே இல்லாமல். சாம்பல் போட்டுத் தேய்த்தார், எலுமிச்சை போட்டுத் தேய்த்தார். தோல் உரிந்தது. முகர்ந்து பார்த்தால் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. அவள் இன்னும் விலகியே நின்றாள். ஒரு நாள் அவள் வேலிக்கு மேலாக நின்று முத்துராஜின் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மனுவேல் வேலிவரை ஓடினார். "லோயிசு, போயிடாத புள்ள" என்றார்.

அவள் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "எப்படிங்க போறது, இங்க பூ இருக்குதே" என்றாள்.

அன்றிலிருந்து மனுவேல் கோசு போடுவதில்லை. பூ தீர்ந்துவிடாதபடி வருஷம் முழுக்கக் கொடி நடுகிறார். பந்தல் கிணற்றைத் தாண்டி, வாசலைத் தாண்டி, இப்போது அவர் படுக்கும் அறையின் ஜன்னலுக்கே வந்துவிட்டது. காலையில் ரீங்காரம் நெருங்கி வந்து ஜன்னலோரப் பூக்களில் நிற்கும்போது, அவர் கைகளைக் கம்பளிக்குள் இழுத்து மறைத்துக்கொண்டு அசையாமல் படுத்திருக்கிறார்.