வண்டு தவழ்ந்த நாள்

பிரசவ விடுப்பு முடிந்து அவள் அலுவலகத்துக்குத் திரும்பியபோது, அவளுடைய நாற்காலியின் உயரத்தை யாரோ மாற்றி வைத்திருந்தார்கள். உட்கார்ந்தால் கால் தரையில் படவில்லை. அடியில் இருக்கும் பிடியை இழுத்தால் இறங்கிவிடும். அதுகூடத் தோன்றாமல் அந்த வாரம் முழுக்கக் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டே வேலை பார்த்தாள்.

அவள் புரோகிராமர். மருந்துக் கடைகளுக்கு மென்பொருள் எழுதித் தரும் சின்னக் கம்பெனி அது. எந்த மாத்திரை எத்தனை அட்டை இருக்கிறது, எந்த மருந்து எப்போது காலாவதியாகும் என்றெல்லாம் கடைக்காரருக்குச் சொல்லும் மென்பொருள். அதில் பாதிக்கு மேல் அவள் எழுதியது. பச்சைப் பிள்ளையோடு வீட்டில் இருந்த மாதங்களில் இந்தத் திரைக்காக ஏங்கியிருக்கிறாள். பால் கொடுத்து, துணி மாற்றி, தூங்கவைத்து, மறுபடி பால் கொடுத்து என்று ஓடிய நாட்களில், ஒரு வேலையைத் தொடங்கி முடிப்பது என்றால் என்னவென்றே மறந்துபோயிருந்தது. குழந்தை மார்மேல் உறங்கும்போது மனசுக்குள்ளேயே கோட் எழுதிப் பார்ப்பாள். இப்போது திரை கிடைத்துவிட்டது. மனசு மட்டும் வீட்டைவிட்டுக் கிளம்ப மாட்டேன் என்று அடம்பிடித்தது.

பகலில் குழந்தையைப் பார்த்துக்கொண்டவர் கணவனின் அக்கா. அவள் அவரை அண்ணி என்று கூப்பிடுவாள். அண்ணிக்குக் கல்யாணம் நிலைக்கவில்லை, பிள்ளையும் இல்லை. இரண்டு தெரு தள்ளி ஒற்றை அறை வீட்டில் தனியாக இருந்துகொண்டு துணி தைத்துக் கொடுத்துவந்தார். "புள்ளையை யார்கிட்டயோ ஏன் விடணும்? நான் என்ன செத்தா போயிட்டேன்?" என்று சொல்லித் தையல் மெஷினையே இவர்கள் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். மெஷினை நான்காவது மாடிக்கு ஏற்றியது அவள் கணவன். அவன் லிஃப்ட் மெக்கானிக். ஊர் லிஃப்டையெல்லாம் ஓடவைக்கிறவன், சொந்தக் கட்டடத்து லிஃப்ட் பழுதாகிக் கிடந்தும், அது வேறு கம்பெனிக்காரர்கள் பொறுப்பு என்பதால் அன்றாடம் படியேறி மூச்சுவாங்குவான். அதைச் சொல்லிச் சொல்லியே பக்கத்து வீட்டுக்காரர்கள் சிரிப்பார்கள்.

குழந்தைக்கு வீட்டில் 'வண்டு' என்று பெயர். தலையில் முடியில்லாமல் பளபளவென்று, எந்நேரமும் ரீங்காரம் போட்டுக்கொண்டு இருந்ததால் அப்பன் வைத்த பெயர்.

கூடத்து அலமாரிக்கு மேல் ஒரு சிறிய கேமரா இருந்தது. அண்ணி சமையலறையில் இருக்கும்போது குழந்தை எழுந்துவிட்டால் அவர் போனில் தெரியட்டும் என்று கணவன் மாட்டியது. அதை அலுவலகக் கணினியிலும் பார்க்கலாம் என்று கண்டுபிடிக்க அவளுக்கு அதிக நேரம் ஆகவில்லை. திரையின் வலது மூலையில் தபால்தலை அளவுக்கு ஒரு ஜன்னலைத் திறந்துவைத்தாள். விரிப்பின்மேல் வண்டு காலை உதைத்துக்கொண்டு கிடப்பான். பக்கத்தில் அண்ணியின் முதுகும், மெஷின் சக்கரம் சுற்றுவதும் தெரியும். சத்தத்தை மட்டும் அணைத்துவைத்திருந்தாள். ஒருமுறை திறந்துவைத்து, அவன் அழுத குரல் கேட்டதும் பால் சுரந்து மேல்சட்டை நனைந்துவிட்டது. பழைய கீபோர்டுகள் குவிந்துகிடந்த ஸ்டோர் அறைக்குள் ஓடிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, பம்பை வைத்துப் பாலை எடுத்துக்கொண்டே அழுதாள்.

பக்கத்து மேசைக்காரர் டெஸ்டர், மென்பொருளில் பிழை தேடுபவர். எதையும் நம்பமாட்டார் என்பதால் அலுவலகத்தில் அவருக்குச் 'சந்தேகம்' என்றே பெயர்.

"உன் ஸ்கிரீன் மூலையில என்னமோ அசையுதே, புரோகிராம் பிழையா?" என்று எட்டிப் பார்த்தார்.

"என் புள்ள சார்."

"அப்ப சரி. அதை ஃபிக்ஸ் பண்ண முடியாது." கொஞ்ச நேரம் அவரும் பார்த்துக்கொண்டே நின்றார். "என் பொண்ணு மொதல்ல நடந்தப்ப நான் ஆபீஸ்ல இருந்தேன். வீட்டுல வீடியோ எடுத்து வச்சிருந்தாங்க. இப்ப என்னைவிட வளர்ந்துட்டா. இருந்தாலும் அந்த வீடியோவை நான் இன்னும் முழுசாப் பாத்ததில்ல."

"ஏன் சார்?"

"நான் அதுல இல்லையே" என்று சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போனார்.

அந்தச் சமயத்தில் கடைக்காரர்களிடமிருந்து ஒரு புகார் வந்தது. சில மருந்துகள் காலாவதியாகும் தேதியை ஒருநாள் முன்னதாகவே காட்டுகிறது. நல்ல மருந்தைக் குப்பையில் போடச் சொல்கிறது உங்கள் மென்பொருள் என்று ஒரே சத்தம். அவள் இல்லாத மாதங்களில் யாரோ தேதிக் கணக்கில் கைவைத்திருந்தார்கள். வெளிநாட்டில் சர்வர் இருக்கும் இடத்து நள்ளிரவும் கடை இருக்கும் இடத்து நள்ளிரவும் ஒன்றென்று நினைத்துவிட்டிருந்தார்கள். அவள் உட்கார்ந்து தேடி, தவறு எங்கே என்று கண்டுபிடித்தும்விட்டாள். மறுநாள் வாடிக்கையாளர்களோடு ஆன்லைன் மீட்டிங். மேனேஜர் அவளையே விளக்கச் சொல்லிவிட்டார்.

"தேதியை எந்த ஊர் நேரத்துல எடுத்துக்கணும்கறதுதான் இங்க பிரச்சினை. நாங்க என்ன செய்யப்போறோம்னா..." என்று சொல்லிக்கொண்டிருந்தவள் கண்ணில் மூலை ஜன்னல் பட்டது.

குப்புறக் கிடந்த வண்டு கைகளை ஊன்றி எழும்பினான். அது வழக்கமாகச் செய்வதுதான். எழும்பி, முன்னும் பின்னும் ஆடி, பொத்தென்று விழுவான். அன்றைக்கு விழவில்லை. ஒரு முழங்காலை முன்னால் நகர்த்தினான். யோசித்தான். இன்னொன்றையும் நகர்த்தினான். விரிப்பின் ஓரத்தைத் தாண்டி, தரையில் உருண்டு கிடந்த நூல்கண்டைக் குறிவைத்து விறுவிறுவென்று போனான்.

"ஹலோ? உங்க வாய்ஸ் கட் ஆகுது" என்றார் ஒரு கடைக்காரர்.

அவள் வாய் திறந்தபடி இருந்தது. ஜன்னலில் அண்ணி திரும்பிப் பார்த்தார். தைத்துக்கொண்டிருந்த துணி மடியிலிருந்து நழுவியது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு தரையில் உட்கார்ந்து, வண்டு நூல்கண்டைப் பிடித்து வாயில் வைக்கும்வரை அசையாமல் பார்த்திருந்துவிட்டு, அவனை வாரி எடுத்துக் கழுத்தில் முகம் புதைத்துக்கொண்டார்.

"மன்னிச்சுக்கோங்க, லைன்ல ஏதோ கோளாறு" என்று சொல்லிவிட்டு அவள் தொடர்ந்தாள். நேர வித்தியாசத்தைப் பற்றித் தெளிவாகவே பேசினாள் என்று பிறகு மேனேஜர் பாராட்டினார். என்ன பேசினாள் என்று அவளுக்கு நினைவில்லை.

சாயங்காலம் நான்கு மாடியும் ஓடி ஏறினாள். அண்ணி கதவைத் திறந்ததும் உள்ளே பாய்ந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டாள்.

"இன்னிக்கி என்ன பண்ணான் அண்ணி?" குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளப் பெரும்பாடாக இருந்தது.

"என்ன பண்ணுவான்? சாப்பிட்டான், தூங்குனான், ஒரு பட்டனைப் பிடுங்குனான்" என்றார் அண்ணி, அவளைப் பார்க்காமல்.

சொல்லிவிடுவார், இருவரும் சேர்ந்து கும்மாளம் போடலாம் என்று நினைத்து வந்திருந்தாள். தானே சொல்லவும் வழியில்லை. நாள் முழுக்கக் கேமராவில் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தால், தன்னை நம்பாமல் வேவு பார்க்கிறாள் என்றுதானே அண்ணி நினைப்பார்?

அண்ணி வழக்கமாக அவள் வந்ததும் கிளம்பிவிடுவார். அன்று கிளம்பவில்லை. குழந்தையை விரிப்பில் குப்புறப் போட்டு, நூல்கண்டை எட்ட வைத்து, "வண்டு, எடு பாப்போம், அம்மாவுக்குக் காட்டு" என்றார். வண்டு கட்டைவிரலைச் சப்பிக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். மறுநாளும் அதே கதை. அதற்கடுத்த நாள் நூல்கண்டுக்குப் பதிலாகக் கரண்டி வைத்துப் பார்த்தார்கள். பகலில் மூலை ஜன்னலில் வீட்டை அளந்துகொண்டிருந்தவன், சாயங்காலம் அம்மா முகத்தைக் கண்டதும் அவள் மடியைவிட்டு இறங்கமாட்டேன் என்றான். பகலெல்லாம் காணாத பசி அவனுக்கு.

அந்த வாரக் கடைசியில் ஒரு சாயங்காலம் அவள் உடை மாற்றிக்கொண்டு கூடத்துக்கு வந்தபோது, விரிப்பில் இருந்த வண்டு கையை ஊன்றி எழும்பினான். ஒரு பக்கம் அவள். எதிர்ப்பக்கம், கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்ப நின்ற அண்ணி.

"தவழப்போறான், பாரு பாரு!" என்று அண்ணி கத்தினார். "அம்மாகிட்டப் போ, வண்டு!"

வண்டு தவழ்ந்தான். நேராக அண்ணியிடம் போய், அவர் காலைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தான்.

அவள் கைதட்டினாள். "அடடே, மொதத் தடவையா தவழறான் அண்ணி!" என்றாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு, காய்ந்த துணியை மடிப்பதுபோல எதையோ எடுத்தாள்.

அண்ணி கைப்பையைக் கழற்றிக் கீழே வைத்தார்.

"நீ அன்னிக்கே பாத்துட்டே, இல்ல?"

"எதை அண்ணி?"

"விடு. உனக்கு நடிக்க வராது. தினமும் வந்தா மொதல்ல அவன் மூஞ்சியைத்தான் பாப்பே. அன்னிக்குச் செருப்பைக்கூடக் கழட்டாம வந்து அவன் முட்டியைத் தடவிப் பாத்தே, சிவந்திருக்கான்னு."

அவளால் மறுக்க முடியவில்லை. அலமாரியின் மேல்பக்கம் காட்டினாள். "ஆபீஸ்லேருந்து பாப்பேன் அண்ணி. உங்களைக் கண்காணிக்க இல்ல, சத்தியமா. இருக்க முடியல, அதான்."

அண்ணி கேமராவை நிமிர்ந்து பார்த்தார். "முன்னாடியே சொல்லியிருந்தா நல்ல புடவையாக் கட்டியிருப்பேன்" என்றார். அவள் அழுதுகொண்டே சிரித்துவிட்டாள்.

"நீங்க ஏன் சொல்லல அண்ணி?"

அண்ணி, காலைப் பிடித்துக்கொண்டிருந்த பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். "பெத்தவ நீ. உனக்கு முன்னாடி நான் பாத்துட்டேன்னு எந்த வாயால சொல்றது? நீ மொதல்ல பாத்ததா இருக்கட்டும்னு நெனச்சேன். அது பாதி." மூச்சை இழுத்து விட்டார். "இன்னொரு பாதி, சொல்லிட்டா அது உன்னோடது ஆயிடும். ஒரு ரெண்டு நாளைக்கு எங்கிட்டயே இருக்கட்டும்னு தோணுச்சு. எனக்குன்னு இப்படி எதுவும் நடந்ததில்ல பாரு."

அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அண்ணியின் இடுப்பில் குழந்தை எவ்வளவு வசதியாக உட்கார்ந்திருக்கிறான் என்று பார்த்தாள். பொறாமை உள்ளே ஓரமாக இருக்கத்தான் செய்தது. ஆனால் தன் ஏக்கத்தைப்போலவே இன்னொன்று, அதைவிட வயதானது, தன் வீட்டுக் கூடத்திலேயே தினமும் மெஷின் மிதித்துக்கொண்டிருந்திருக்கிறது என்பது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"இனிமே ஒளிக்காதீங்க அண்ணி. என்ன நடந்தாலும் எங்கிட்டச் சொல்லிட்டுத்தான் வீட்டுக்குப் போகணும்."

"சொல்றேன். அப்புறம் காது வலிக்குதுன்னு சொல்லக்கூடாது."

அண்ணிக்குக் கதை சொல்ல இவ்வளவு வரும் என்று யாரும் நினைத்திருக்கவில்லை. அன்றாடம் சாயங்காலம் டீயை ஆற்றிக்கொண்டே ஆரம்பிப்பார். வண்டு டப்பாவுக்குள் தலையைவிட்டு மாட்டிக்கொண்டது, தபால்காரரைப் பார்த்துத் தும்மியது, கண்ணாடியில் தெரிந்த பிள்ளையோடு சண்டை போட்டுத் தோற்றது என்று முகத்தைக் கோணி, குரலை மாற்றி, அவன் செய்ததையெல்லாம் செய்துகாட்டுவார். கணவனும் வேலைமுடிந்து வந்து சுவரில் சாய்ந்துகொண்டு கேட்பான். அலுவலகத்தில் முன்பே பார்த்துவிட்ட நாட்களில், அண்ணி சொல்லும்போது அவளுக்குப் பாதிதான் இனித்தது. அதனால் ஜன்னலைத் திறப்பது மெல்லக் குறைந்தது. ஏக்கம் குறையவில்லை. பிற்பகலில் மார்பு கனக்கும்போதெல்லாம் அவன் இப்போது என்ன செய்துகொண்டிருப்பான் என்று மனசு ஓடும். ஆனால் சாயங்காலம் அதற்கு விடை உண்டு என்று தெரிந்திருந்ததால், அதைச் சுமந்துகொண்டு வேலை பார்க்க முடிந்தது.

மழை ஓய்ந்த ஒரு விடுமுறை நாள். கணவனை அவசரமாகக் கூப்பிட்டிருந்தார்கள். எங்கோ ஒரு ஆஸ்பத்திரி லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டது. அண்ணி அவர் வீட்டில் இருந்தார். அவள் பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். குனிந்து அடுத்த துணியை எடுக்கப் போனபோது, பிளாஸ்டிக் வாளியின் விளிம்பில் இரண்டு சின்னக் கைகள் தெரிந்தன. அதற்குப் பின்னால் பளபளவென்று ஒரு தலை. வண்டு நின்றுகொண்டிருந்தான்.

அவள் அசையவில்லை. ஈரத்துணியிலிருந்து தண்ணீர் அவள் பாதத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. அவன் முழங்கால் நடுங்கியது. வாளிக்குள் எட்டிப் பார்த்தான், அவளைப் பார்த்தான், தன் உயரத்தைத் தானே நம்பாதவன்போல ஒரு சத்தம் போட்டான். பிறகு சுற்றுமுற்றும் தலையைத் திருப்பி யாரையோ தேடினான். கால் மடங்கி உட்கார்ந்துவிட்டான்.

வேறு யாரும் பார்க்கவில்லை. பால்கனிப் பக்கம் கேமராவும் கிடையாது. அவனை மடியில் போட்டுக்கொண்டு ஈரத்தரையிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். எத்தனையோ நாளாகக் கேட்டது இதுதான். இன்று முழுசாகக் கிடைத்திருந்தது. இன்னும் கொஞ்சம் வைத்துக்கொள்ளலாம் என்று ஆசையாக இருந்தது. அண்ணி அன்று சொன்னதன் ருசி அவளுக்குப் புரிந்தது.

பிறகு கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள்.

"அண்ணி, வண்டு எழுந்து நின்னுட்டான்."

லைன் போய்விட்டதோ என்று அவள் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள்.

"இருக்கேன்" என்றார் அண்ணி. "எதைப் பிடிச்சுக்கிட்டு நின்னான்?"

"வாளியை."

"விழுந்துட்டானா?"

"இல்ல அண்ணி, மெல்ல உக்காந்தான். உக்கார்றதுக்கு முன்னாடி அங்கயும் இங்கயும் தேடினான். உங்களைத்தான்னு நினைக்கிறேன்."

அண்ணி மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காரும் சத்தமும் கேட்டது.

"இப்படி அவசர அவசரமாச் சொல்லாதே" என்றார். "நான் உனக்குச் சொல்ற மாதிரி சொல்லு. மொதல்லேருந்து."

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். மடியில் வண்டு சட்டைப் பட்டனைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான்.

"மழை விட்டுச்சுன்னு துணி காயப்போட வந்தேன் அண்ணி..." என்று ஆரம்பித்தாள்.