சொர்ணத்தாய் தேர்ந்த இரும்பு

வன்னியபெருமாள் சொர்ணத்தாயின் லேத் பட்டறைக்குள் நுழைந்ததும் எண்ணெய் சொட்டும் சாக்குப் பையை அவள் மேசையில் வைத்தார். உள்ளே பெரிய செங்கல் அளவில் ஓர் அலுமினியக் கட்டி. பக்கமெல்லாம் துளைகள். ஒரு மூலையில் மயிரிழைபோல் விரிசல்.

கயத்தாறு ரோட்டில், பருத்தியில் கொட்டை பிரிக்கும் அவருடைய ஜின்னிங் மில்லில் பஞ்சை அழுத்திப் பொதி கட்டும் ஹைட்ராலிக் பிரஸ்ஸின் மேனிஃபோல்டு அது. பம்பிலிருந்து வரும் எண்ணெயைப் பிரித்து அந்தந்தக் குழாய்க்கு அனுப்புகிற கட்டி. அது போனால் பிரஸ் நின்றுவிடும்.

"இதே மாதிரி ஒண்ணு அடிச்சுக் குடு தாயி. நாளைக்கே வேணும். களம் பூரா பருத்தி கெடக்கு, புதூர்ப் பக்கம் மேகம் வேற கட்டுது."

அலுமினியம் அலமாரியிலேயே இருந்தது. மெஷின் ஓட்டும் ஆரிப் விடிவதற்குள் முடித்துவிடுவான். ஆனாலும் சொர்ணத்தாய் கட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது எத்தனாவது அண்ணாச்சி?"

"ரெண்டாவது. போன வருசமும் இதே எடத்துலதான் விட்டுச்சு."

ஆரிப்பை அழைத்து விரிசலுக்குக் குறுக்கே அறுக்கச் சொன்னாள். உள்ளே இரண்டு துளைகள் சந்திக்கும் கூர்முனையில் இருந்துதான் விரிசல் கிளம்பியிருந்தது.

"அலுமினியம் மோசமில்ல. லாரியில, டிராக்டர்ல ஓடுத மெஷினுன்னா நானே அதத்தான் போடுவேன், எடை கம்மி. ஒங்க பிரஸ் நின்ன எடத்துலயே நிக்குது, அதுக்கு எடையப் பத்தி என்ன? ஒவ்வொரு அழுத்துக்கும் உள்ள எண்ணெய் சம்மட்டியா அடிக்குது. அந்த அடியத் தாங்க எஸ்.ஜி. இரும்புதான் வேணும், வார்ப்பிரும்புலயே லேசுல ஒடையாத வகை அது."

"அந்தா ஸ்டீல் கெடக்கே, அதுல போடேன்."

"தாங்கும். ஆனா இம்புட்டு ஆழத்துக்கு அதுல துளை போட ரொம்ப நேரம் பிடிக்கும். எஸ்.ஜி.யில சீவல் தூளாக் கொட்டும், சுருக்கா முடிஞ்சிரும். கோயம்புத்தூர்ல இருந்து கட்டி வரணும், அம்புட்டுத்தான்."

"அதுக்குள்ள பருத்தி நனைஞ்சா நீயா பதில் சொல்லுவ?" வன்னியபெருமாளின் குரல் உயர்ந்தது.

"ஒடையும்னு தெரிஞ்சே ஒண்ணச் செஞ்சு தர மாட்டேன் அண்ணாச்சி."

அவர் விருட்டென்று வெளியேறிவிட்டார். ஆரிப் அவளைப் பார்த்தான். திரும்பி வருவாரா என்று அவளுக்கும் தெரியாது. இருந்தும் போனை எடுத்துக் கோயம்புத்தூருக்கு ஆர்டர் சொன்னாள்.

மறுநாள் காலையில் அவரே கூப்பிட்டார். "களத்துல தார்ப்பாய் விரிச்சாச்சு. இரும்பு கெளம்பிருச்சா?"

"நேத்தே கெளம்பிருச்சு."

இரும்பு வந்து இறங்கியதும் வேலை தொடங்கியது. ஆரிப் துளையிட, துளைகள் சந்திக்கும் ஒவ்வொரு கூர்முனையையும் சொர்ணத்தாய் தானே உட்கார்ந்து தேய்த்து மழுக்கினாள். பிறகு கட்டியைக் கைப்பம்பில் மாட்டி, பிரஸ் ஓடும் அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு ஏற்றினார்கள். வன்னியபெருமாள் அழுத்தம் காட்டும் கேஜுக்குப் பக்கத்தில் நின்று கண்ணெடுக்காமல் பார்த்தார். ஏறி நின்ற முள் அசையவில்லை. துளி கசியவில்லை.

"அசையலக்கா!" ஆரிப் கத்தியேவிட்டான்.

சொர்ணத்தாயே மில்லுக்கு வந்து கட்டியை மாட்ட, அன்று மத்தியானமே பிரஸ் ஓடியது. முதல் பொதி கட்டி வெளியே உருண்டபோது மில்லில் இருந்தவர்கள் எல்லாரும் கை தட்டினார்கள். களத்துப் பருத்தி மளமளவென்று பொதியாகிக் குடோனுக்குள் ஏறியது. கடைசிப் பொதியை உள்ளே தள்ளியபோது கரிசல் மண்ணில் முதல் தூறல் விழுந்து வாசம் கிளம்பியது.

அந்நேரம் வன்னியபெருமாளுக்கு ராஜபாளையத்து மில்காரர் ஒருவர் போன் செய்தார். அவருடைய பிரஸ்ஸிலும் அதே தொல்லையாம்.

"தூர ஊருக்கெல்லாம் ஏன் போறீய? இங்கன கோவில்பட்டியிலயே ஆளு இருக்கு. நான் கத்துனேன், அசையலயே அந்தப் பிள்ள!" என்று சிரித்துக்கொண்டே போனை அவளிடம் நீட்டினார்.

சொர்ணத்தாய் கையில் இருந்த எண்ணெயைத் துடைத்துக்கொண்டு, நிமிர்ந்து நின்று வாங்கினாள்.

"சொல்லுங்கண்ணாச்சி, ஒங்க மெஷின் ஒரே எடத்துல நிக்குதா, லாரியில ஏறி ஓடுதா? அத மொதல்ல சொல்லுங்க."