எட்டு நாள் வீக்கம்

என் அக்காவுக்கு மேல்வரிசைப் பற்கள் நான்கு உதட்டைத் தாண்டி வெளியே நிற்கும். கல்யாணப் பேச்சு இரண்டு முறை வந்தது. இரண்டு முறையும் அந்தப் பல்லில் முட்டி நின்றுபோனது. மூன்றாவதாக வந்தவர் ஒரு சினிமா டைரக்டர். நாங்கள் வேலை பார்த்த தையல் கடைக்குச் சட்டைக்கு அளவு கொடுக்க வந்தவர், தொந்தியை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றார்.

"மூச்சை விட்டுடுங்க சார். தைச்ச பிறகு எப்படியும் விட்டுத்தான ஆகணும்" என்றாள் அக்கா.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். மறுவாரமே அக்கா ஸ்டூடியோவில் இருந்தாள். கூடவே நானும் உடை அறையில் வேலைக்குச் சேர்ந்தேன்.

பதினைந்து வருடங்களில் அறுபது படங்களுக்கு மேல் நடித்தாள். வாடகை கேட்டு மிரட்டும் வீட்டுக்காரி, சுவரில் காதை வைத்துக் கேட்கும் பக்கத்து வீட்டுக்காரி, விடுதி வார்டன். டைட்டிலில் அவள் பெயர் போட மாட்டார்கள். 'பல்லழகி' என்றுதான் வரும். சோடா மூடியை அவள் பல்லால் கடித்துத் திறந்தால் தியேட்டர் அதிரும். அவளுடைய ஒப்பந்தத்தில் ஒரு தனி வரி உண்டு: டைரக்டரைக் கேட்காமல் பல்லில் கை வைக்கக் கூடாது.

அக்கா அதற்கெல்லாம் வருத்தப்பட்டதில்லை. "வாடகை இல்லாத கடைடி இது. மூடவும் வேண்டாம், பூட்டவும் வேண்டாம்" என்பாள்.

அவளுக்கு முப்பத்தெட்டு வயதானபோது அந்தப் படம் வந்தது. திருடன் கட்டிப்போட்ட கயிற்றை வீட்டுக்காரி பல்லாலேயே கடித்து அறுக்க வேண்டும். கடிக்கச் சுலபமாக மாவுக் கயிறு ஒன்றைச் செய்து வைத்திருந்தார்கள். கேமராவில் பொய்யாகத் தெரிகிறது என்று டைரக்டர் நிஜக் கயிற்றைக் கொண்டுவரச் சொன்னார். ஒன்பதாவது முறை எடுக்கும்போது 'டக்' என்று ஒரு சத்தம். நான் கேமராவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன், எனக்கே கேட்டது. அக்கா காட்சியை முடித்துவிட்டுத்தான் வாயில் கை வைத்தாள்.

மறுநாள் காலை வலது கன்னம் பந்து போல் வீங்கியிருந்தது. டைரக்டர் அவளை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தார்.

"பிரமாதம். திருடன் அறைஞ்சு வீங்கினதா வச்சுக்குவோம்."

அன்றைக்கு அந்த வீக்கத்தோடு மூன்று காட்சிகள் எடுத்தார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்கியது. சாயங்காலம் பல் டாக்டரிடம் அழைத்துப் போனேன். உள்ளே சீழ் பிடித்திருக்கிறது, உடனே பல்லைப் பிடுங்கிச் சீழை எடுக்க வேண்டும் என்றார் அவர். டைரக்டரிடம் போய்ச் சொன்னேன்.

"எடுத்தா வீக்கம் வத்திடுமே. இதே முகத்தோட இன்னும் எட்டு நாள் வேலை இருக்கு. நேத்து வீங்கின கன்னம், இன்னைக்கு ஒட்டின கன்னம்னா எடுத்ததெல்லாம் குப்பைக்குத்தான் போகும்."

மேக்கப்காரர் குறுக்கே வந்தார். "நான் பஞ்சு வச்சு வீக்கம் காட்டுறேன் சார். அந்தம்மாவை விட்டுடுங்க."

"நிஜ வீக்கத்துல ஒரு பளபளப்பு இருக்குப்பா. பஞ்சுக்கு அது வராது."

வேண்டாம் என்று அக்காவிடம் சொன்னேன். ஆனால் அழுத்திச் சொல்லவில்லை. பதினைந்து வருடம் அவளை வைத்து நானும் பிழைத்தவள்தானே. "எட்டு நாள்தானடி" என்றாள், ஐஸ் துணியைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு.

ஆறாம் நாள் உடம்பு கொதித்தது. மாடிப்படியில் திருடனைத் துரத்தும் காட்சி. வசனம் மறந்து, நடுப்படியில் நின்று யாரையோ தேடுவது போல் எங்களைப் பார்த்தாள். செட்டில் எல்லோரும் சிரித்தார்கள். டைரக்டர் அதை அப்படியே வைத்துக்கொண்டார். எட்டாம் நாள், கடைசி ஷாட் முடிந்ததும் நாற்காலியைத் தேடிக் கையை நீட்டியவள், அப்படியே சரிந்தாள்.

ஆஸ்பத்திரியில் நான்கு பற்களையும், அவற்றோடு மேல்தாடை எலும்பில் ஒரு பகுதியையும் எடுத்தார்கள். உயிர் தங்கியது. முகத்தின் வலது பக்கம் உள்ளே போய்விட்டது. டைரக்டர் ஒருநாள் பழங்களோடு வந்தார். ஜன்னலைப் பார்த்தபடியே பேசிவிட்டுப் போனார்.

படம் இருபத்தைந்து வாரம் ஓடியது. முகத்தை மறைத்துத் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு அக்கா என்னோடு பார்க்க வந்தாள். மாடிப்படிக் காட்சிக்குத் தியேட்டரே இடிந்து விழுவது போல் சிரித்தது. அக்கா என் பக்கம் சாய்ந்தாள்.

"இந்த இடத்துல நீ எதிர்ல நின்னே. நீ யாருன்னே எனக்குத் தெரியலடி."

அதன் பிறகு யாரும் அவளை நடிக்கக் கூப்பிடவில்லை. அவள் முகத்தைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வராது, பார்வையைத்தான் திருப்பிக்கொள்வார்கள். ஆஸ்பத்திரியில் செய்து கொடுத்த தகட்டை அண்ணத்தில் மாட்டிக்கொண்டு, பேப்பரை உரக்கப் படித்துப் படித்துப் பேச்சைத் திரும்பப் பிடித்தாள். ஆறு மாதமானது. இரண்டு வருடம் கழித்துச் சவுண்ட் இன்ஜினியர் ஒருவர் டப்பிங்குக்கு அழைத்தார். அதே டைரக்டரின் படம்தான். இருபது வயதுப் பெண் ஒருத்திக்குப் பிளாஸ்டிக் பல் மாட்டிப் புதுப் பல்லழகி ஆக்கியிருந்தார். குரல் மட்டும் அக்காவுடையதாக இருக்க வேண்டும் என்றாராம். நான்கு படங்களுக்கு இருட்டறையில் நின்று, அந்தப் பெண்ணின் வாயசைப்புக்கு அக்கா சிரித்துக் கொடுத்தாள்.

ஐந்தாவது படத்தில் ஷூட்டிங் முடியும் முன்பே டப்பிங்கைத் தொடங்கியிருந்தார்கள். ஒருநாள் அந்தப் பெண் டப்பிங் அறைக்கு வந்து கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்தாள். அன்று துணைக்கு நானும் போயிருந்தேன்.

"என்னம்மா?" என்றாள் அக்கா.

"பிளாஸ்டிக் பல்லு ஈறை அறுக்குதுக்கா. உள்ள சீழ் மாதிரி வருது. இன்னும் நாலு நாள் பொறுத்துக்கோன்னு டைரக்டர் சொல்லியிருக்காரு."

அக்கா மைக்கை விட்டு விலகி வந்தாள். துப்பட்டாவை அவிழ்த்தாள். தகட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அந்தப் பெண்ணுக்கு முன்னால் வாயைத் திறந்து காட்டினாள். எனக்கே இரண்டொரு முறைக்கு மேல் காட்டாத வாய் அது. அந்தப் பெண் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தாள். அக்கா தகட்டை மாட்டிக்கொண்டு அவள் கையைப் பிடித்து எழுப்பினாள்.

"எழுந்திரு. டாக்டர்கிட்ட போறோம்."

அங்கே ஈறைக் கீறிச் சுத்தம் செய்தார்கள். பதினைந்து நாள் பிளாஸ்டிக் பல்லைத் தொடக்கூடாது என்றார்கள். ஷூட்டிங் நின்றது. டைரக்டர் அக்காவை வரச் சொன்னார்.

"என் படத்தை நிறுத்த நீ யாரு?"

"அன்னைக்கு என்னைக் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போக ஒருத்தரும் இல்ல சார். அதான்."

நான் பின்னால் நின்றிருந்தேன். அவர் என்ன பதில் சொன்னார் என்பது என் காதில் ஏறவில்லை.

அதோடு டப்பிங் வேலையும் போனது. என்னையும் உடை அறையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். நாங்கள் பழைய தையல் கடைக்கே திரும்பினோம். வாடிக்கையாளர்கள் சங்கடப்படுகிறார்கள் என்று முதலாளி அக்காவைத் திரைக்குப் பின்னால் உட்காரச் சொன்னார். அங்கே அவள் பட்டன் தைத்தாள். புதுப் பல்லழகிக்கு வேறு குரல் கிடைத்தது. அவள் ஒருநாளும் அக்காவைத் தேடி வரவில்லை.

ஒருமுறை மருந்துக் கடை வாசலில் அவளை நேருக்கு நேர் பார்த்தோம். தோழிகளோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவள் அக்காவைக் கண்டதும் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு காரில் ஏறினாள். எனக்கு ஆத்திரமாக வந்தது.

"நன்றி கெட்டவ" என்றேன்.

"பயம்டி" என்றாள் அக்கா. கார் திரும்பி மறையும்வரை பார்த்தாள். "ஈறு நல்லா ஆறியிருக்கு, பாத்தியா?"

பிறகு மருந்துச் சீட்டை என்னிடம் கொடுத்து, உள்ளே போய் வாங்கி வரச் சொல்லிவிட்டு, வெளியே சுவரைப் பார்த்து நின்றுகொண்டாள்.