இத்தாலிக்காரர் பாட்டு

கார்னெட் என்னும் பித்தளை ஊதுகுழலை வாசிக்கும் பேண்டு மாஸ்டர் சூசைமாணிக்கம், மற்றவர்கள் கண்ணைக் காப்பதுபோலத் தம் உதடுகளைக் காத்து வந்தவர். காப்பியை நன்றாக ஆறவைத்தே குடிப்பார். வெற்றிலையை வாயருகே கொண்டுசெல்லமாட்டார். மார்கழிப் பனியில் வெளியே புறப்பட்டால் வாயைச் சுற்றித் துண்டு கட்டிக்கொள்வார். கள், சாராயம் ஆகியவற்றின் வாடையே அவருக்கு ஆகாது. குடித்துவிட்டு வந்த பேண்டுக்காரனைப் பாதி ஊர்வலத்தில் நிறுத்தி, வாத்தியத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பியதும் உண்டு. ஆகவே அவருடைய உடலைக் குளிப்பாட்டி முடித்ததும் மகள் மதலேன் முதலில் செய்த காரியம், விரலில் தேங்காயெண்ணெய் தொட்டு, காய்ச்சலில் வெடித்திருந்த அவ்வுதடுகளில் தடவியதுதான்.

விடியற்காலையில் உயிர் பிரிந்திருந்தது. அடக்கம் அன்று மாலையே. வேலூர்ச் சலவன்பேட்டையில் இருந்த அச்சிறு வீட்டின் எதிரே, புளியமரத்து நிழலில் பேண்டுக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து கூடினர். கிளாரினெட் வாசிக்கும் அப்துல் கஃபார், காய்ச்சல் முற்றிவிட்டதென்று முந்தின நாளே தகவல் கேட்டு, ஆம்பூரிலிருந்து முதல் ரயிலில் வந்துவிட்டார். தோல் பதனிடும் கொட்டகையில் வேலை செய்பவர் அவர். எத்தனை முறை கைகழுவினாலும் ஆவாரம்பட்டையின் கறை அவர் நகக்கண்களை விட்டுப் போனதில்லை. பெரிய டிரம் அடிக்கும் ஆதிகேசவன், கறுப்புத் துணியை டிரம்மின்மீது சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தான். என்ன வாசிப்பது என்று எவரும் கேட்கவில்லை. சாவு என்றால் இத்தாலிக்காரர் பாட்டுத்தான்.

அந்தப் பாட்டு அவர்களிடம் வந்து சேர்ந்த வரலாறு ஊரறிந்தது. கோட்டைக்குள் பட்டாளம் இருந்த காலத்தில், இளைஞரான சூசைமாணிக்கம் பட்டாளத்து பேண்டில் கார்னெட் கற்றார். துரைமார் விரும்பிக் கேட்ட இசையில், இத்தாலி தேசத்து வித்துவான் ஒருவர் இயற்றியவை மிகுதி. அவர் பெயரைச் சரியாக உச்சரிக்க எவராலும் இயலாமையால் ‘இத்தாலிக்காரர்’ என்றே வழங்கினர். பட்டாளம் ஊரைவிட்டுப் போனபின், சூசைமாணிக்கம் பழைய வாத்தியங்களை வாங்கித் தமக்கென ஒரு பேண்டு சேர்த்தபோது, அந்த மெட்டுகளையும் நினைவில் உடன் கொண்டுவந்தார். பேண்டுக்காரர்களுக்குச் சுரம் உண்டு, சொல் இல்லை. எந்தப் பாட்டு எதற்கு உரியது என்று அவருக்குச் சொல்வாரும் இல்லை. ஆனால் அவருக்கு ஐயமே எழவில்லை. இத்தாலி, பாப்பரசர் வாழும் நாடு; அங்கிருந்து ஒருவர் பாட்டு எழுதினால் அது கோயிலுக்கல்லாமல் வேறு எதற்கு? ஒன்றை மிகவும் மெதுவாக்கி அடக்கத்திற்கு வைத்தார். இன்னொன்று தொடக்கத்திலேயே நெஞ்சைத் தொடுவதாக இருந்தது. அதைத் திருமணத்திற்கு வைத்தார். வேலூரிலும் ஆம்பூரிலும் கத்தோலிக்கர் வீட்டுச் சவப்பெட்டி எதுவும் அந்தப் பாட்டின்றிக் கல்லறைக்குப் போனதில்லை. லாங் பஜாரில் மளிகை மண்டி வைத்திருந்த செட்டியார் ஒருவர்கூடத் தம் தகப்பனாரின் ஊர்வலத்துக்கு அதையே கேட்டு வாங்கினார்.

தமக்கும் அதுவே வேண்டும் என்று சூசைமாணிக்கம் காய்ச்சலில் இருமுறை சொல்லியிருந்தார். மதலேன் கையடித்துக் கொடுத்திருந்தாள்.

வெயில் ஏறுமுன் கோயிலின் சிறிய சாமியார் உடலை மந்திரிக்க வந்தார். இத்தாலி தேசத்திலிருந்து வேலூருக்கு வந்து ஓராண்டுகூட நிரம்பாத இளைஞர். தமிழைப் புத்தகத்தில் கற்றவர். தீர்த்தம் தெளித்துச் செபம் சொல்லிக்கொண்டிருந்தபோது, மரத்தடியில் கஃபார் பாட்டின் முதலடியை மெல்லிய ஒலியில் வாசித்துப் பார்த்தார். மற்றவர்கள் சேர்ந்துகொண்டனர். சாமியாரின் செபம் நடுவில் ஒருகணம் நின்றது. மதலேன் நிமிர்ந்து பார்த்தாள். அவர் முகம் சிவந்திருந்தது. கீழுதட்டைப் பல்லால் பற்றிக்கொண்டு, பின் செபத்தைத் தொடர்ந்தார்.

முடிந்ததும் அவளைக் கூடத்தின் ஓரத்திற்கு அழைத்து, அவர்கள் வாசிப்பது என்னவென்று கேட்டார். உங்கள் தேசத்துக் கோயில் பாட்டு என்று அவள் பெருமையோடு சொன்னாள். அவர் தம் தொப்பியைப் பார்த்தபடியே சொன்னார்:

“அம்மா, இது கோயிற்பாட்டன்று. ஒரு நாடகத்தில் வருவது. விருந்தில் ஆணும் பெண்ணும் மதுக்கிண்ணத்தை உயர்த்திக்கொண்டு பாடுவார்கள். இன்பமாகக் குடிப்போம் என்பது பொருள். இத்தனை மெதுவாக நான் கேட்டதே இல்லை.”

திருமணப் பாட்டைப் பற்றியும் அவளே கேட்டாள், கேளாதிருந்திருக்கலாம். மெல்ல முனகிக் காட்டினாள். அது அதே நாடகத்தின் முடிவில், காசநோய் கண்ட ஒருத்தி தன் வாழ்நாளுக்கு விடைசொல்லிப் பாடுவது என்றார் அவர். மதலேன் அந்தப் பாட்டோடுதான் மணப்பந்தலுக்குள் நடந்து வந்தவள்.

பட்டணத்திலிருந்து வந்த மூத்த சாமியார்கள் இருவர் கோயிலில் தங்கியிருப்பதாகவும், இருவரும் தம் தேசத்தாரே என்றும், மாலையில் அடக்கத்திற்கு வருவார்கள் என்றும் அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். அவர்கள் சிரிக்கமாட்டார்கள், ஆயினும் அறிந்துகொள்வார்கள். நான் எதையும் தடுக்கவில்லை, நீங்களே முடிவு செய்யுங்கள் என்று கூறி, வாசலில் போடப்பட்டிருந்த பெஞ்சில் போய் அமர்ந்தார்.

மதலேன் உள்ளே திரும்பிப் பார்த்தாள். தகப்பனார் வெள்ளைச் சட்டையின் பித்தளைப் பொத்தான்கள் பளபளக்க, எவரையோ எழுந்து நிற்கச் சொல்பவர்போலக் கிடந்தார். கொடுத்த வாக்கைக் காத்தால், அவரைப் புதைக்கும் வேளையிலேயே அவருடைய வாழ்நாள் அறியாமை அந்நியர் இருவர் முன்னே அரங்கேறும். காக்காவிட்டால்? அவரை வெறுங்கையோடு அனுப்புவதாகும்.

மரத்தடிக்கு நடந்தாள். கஃபார் வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டார்.

“இன்னா பாப்பா, சாமி வேணான்றாரா?”

அவள் சொன்னாள், ஒன்றையும் மறைக்கவில்லை. கஃபார் கேட்டு முடித்து, கைக்குட்டையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். அவர் தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று நினைத்தாள்.

“அதான் நம்ம ஆதிகேசவன், குடிகாரப் பய, எல்லாப் பாட்டுலயும் தப்பு வுடுவான், இதுல மட்டும் தாளம் பிசகாம அடிச்சான்” என்றார், துணிக்குள்ளிருந்தே.

டிரம்காரன் தலையைக் குனிந்துகொண்டான். “மாஸ்டருக்குத் தெரிஞ்சிருந்தா எல்லாரையும் வூட்டுக்கு அனுப்பியிருப்பாரு பாய்.”

“அவரே அவர அனுப்பிக்கினு இருப்பாரு.”

மதலேனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புடவைத் தலைப்பால் முகத்தை மறைத்துக்கொண்டாள். அன்று காலையிலிருந்து வராத கண்ணீர் அப்போது வந்தது. கஃபார் மரத்தின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, வாத்தியத்தின் துளைகளைத் துடைக்கலானார்.

துடைத்தபடியே அவர் மெல்லிய குரலில் சொன்னார்:

“ஒங்கம்மா போனப்ப நீ சின்னப் பொண்ணு. ஒனக்கு நெனப்பிருக்கோ இல்லியோ. நாங்க எல்லாம் வாசிக்க முடியாம நிறுத்திட்டோம். மாஸ்டர் ஒருத்தரே கல்லறை வரைக்கும் வாசிச்சுக்கினு வந்தாரு. அழுவக்கூட இல்ல. அழுதா ஒதடு நிக்காதுன்னாரு.”

அவளுக்கு நினைவிருந்தது. பெட்டிக்குப் பின்னால், தகப்பனாரின் கோட்டு ஓரத்தைப் பற்றிக்கொண்டு நடந்தவள் அவள்தான். வழி நெடுகிலும் கடைக்காரர்கள் எழுந்து நின்றார்கள். குழிக்குள் மண் விழத்தொடங்கிய பிறகும் கார்னெட் நிற்கவில்லை. அன்று அங்கே நின்றிருந்த எவருக்கும் அந்தப் பாட்டு துக்கத்தைத் தவிர வேறு ஒன்றையும் சொல்லவில்லை.

வேறு பாட்டும் தங்களுக்குத் தெரியும், சாமி சொல்லும் கோயிற்பாட்டைக் கேட்டுக்கொண்டால் மாலைக்குள் பழகிவிடலாம், அவள் மனம் எப்படியோ அப்படி என்றார் கஃபார்.

“வேகமா ஆயிடக் கூடாது பாய்” என்றாள் மதலேன். “அப்பா கத்துக்குடுத்த மாதிரி மெதுவாவே வரணும்.”

அவர் தலையசைத்தார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். சிறிய சாமியார் பெஞ்சிலிருந்து எழுந்தார். அதையே வாசிக்கச் சொல்லிவிட்டேன் என்று தெரிவித்தாள். மாலையில் பெரியவர்கள் இருவரும் தம்மைக் கேட்டால் என்ன விடை கூறுவது என்று மட்டும் அவர், மாணவன் ஆசிரியரிடம் கேட்பதுபோலக் கேட்டார்.

“எங்க ஊர்ல இது சாவுப் பாட்டுன்னு சொல்லுங்க சாமி” என்றாள் அவள்.