ஆல்ட் என்ற சொல்லுக்குப் பூர்வீகச் சான்று

வெளிநாட்டுப் பெயரடைகளுக்குப் பூர்வீகச் சான்று கொடுக்கும் வேலை அந்தத் தாலுகா அலுவலகத்தில் தங்கப்பழத்தின் மேசைக்கு வந்து பதினோரு வருஷமாகிறது. செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு ‘ஆல்ட்’ எட்டாவது முறையாக வந்து நின்றது. இத்தாலியின் வடக்கே மலையூர்களில் சில நூறு பேர் மட்டும் பேசும் சிம்பிரிய மொழிச் சொல் அது. இங்கே வரிசையில் நின்று நின்றே தமிழ் கற்றுக்கொண்டுவிட்டது. தன் இரண்டு அர்த்தங்களையும் கூட்டி வந்திருந்தது. மூத்தது ‘வயதான’, மனிதர்களுக்கு. இளையது ‘பழைய’, சாமான்களுக்கு. இரண்டும் பெஞ்சில் சாய்ந்து தூங்கிப்போயின.

“பூர்வீகம்?” என்றார் தங்கப்பழம். பதில் அவருக்கே மனப்பாடம்.

“பழைய ஜெர்மன் வழி, ஐயா. பவேரியாப் பக்கமிருந்து மலையேறி வந்த குடும்பம். இன்னைக்குச் சான்று கிடைக்கலேன்னா என் பிள்ளைங்க ரெண்டையும் இத்தாலியச் சொல் ஒண்ணு தத்தெடுத்துக்கும்.”

காகிதமெல்லாம் சரிதான். சாட்சிதான் இல்லை. யாராவது அலுவலகத்தில் வைத்து இரண்டு அர்த்தத்திலும் அந்தச் சொல்லை மனசாரச் சொல்லிக் கையெழுத்திட வேண்டும். அடுத்த வாரம் வா என்று சொல்லிச் சொல்லித் தங்கப்பழத்துக்கு வாய் சலித்துவிட்டது.

“நானே போடுதேன்” என்றார்.

பக்கத்து மேசை மங்களேஸ்வரி நிமிர்ந்தாள். “அண்ணாச்சி, சாட்சி போட்டா உங்க பேரு தமிழ்ப் பட்டியல்ல இருந்து அந்த மொழிப் பட்டியலுக்குப் போயிரும்லா. ஒரே ஆளு ரெண்டு பட்டியல்ல இருக்கக் கூடாதே.”

“போகட்டும்மா. அலைஞ்சு அலைஞ்சு அது மூஞ்சியப் பாரு.”

நாற்காலியின் உடைந்த கையைத் தொட்டு “ஆல்ட்” என்றார். இளையது கண் விழித்தது. பிறகு தன் நெஞ்சைத் தொட்டு இன்னொரு தடவை சொன்னார். மூத்ததும் எழுந்து உட்கார்ந்தது. கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார். ஆல்ட் கும்பிட்டுவிட்டு, பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு படியிறங்கியது.

ஐந்து மணிக்குப் பையை எடுத்துக்கொண்டு எழுந்தபோது, மேசைக்கு எதிரே புது வரிசை ஒன்று வாசல் வரை நின்றது. அவர் இத்தனை வருஷம் பேசிய தமிழ்ச் சொற்கள். அவர் பெயர் பட்டியல் மாறிவிட்டதால், அவரை விட்டுப் போக விடுவிப்புக் கடிதம் கேட்டு வந்திருந்தன. முதலில் நின்றது ‘வீடு’.

தங்கப்பழம் பையைக் கீழே வைத்தார். உட்கார்ந்து, அதன் விண்ணப்பத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.