பதினொன்றாம் எண்ணில் உப்பு

ஒரு மணிக்குள் கடிதம் போயாக வேண்டும். அப்போது மணி பன்னிரண்டு பத்து.

அதை எழுதியவர் எங்கள் மூத்த ஆய்வாளர். ஆய்வகத்தில் அவருக்கு உப்பக்கா என்று பெயர். மங்கலான குட்டி விண்மீன்களின் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து, அதில் சோடியம் விழுங்கிய பள்ளம் எவ்வளவு ஆழம் என்று பார்ப்பது அவர் வேலை. இளசுகள் ஊதிக் கிடக்கும். ஈர்ப்பு குறைவு, பள்ளமும் மேலோட்டம். வயதானவை சுருங்கி இறுகியிருக்கும், பள்ளம் ஆழம். "உப்பு கம்மின்னா பாப்பா, கரிச்சா கிழடு" என்பார்.

எங்கள் பட்டியலில் பதினொன்றாம் எண் ஒரு பாப்பா என்று மூன்று வருடமாகச் சொல்லிவந்தார்: விண்மீனாக எரிய எடை போதாத, பிறந்து பத்து லட்சம் ஆண்டுகூட ஆகாத பழுப்புக் குள்ளன். முந்தின நாள் நான் அளந்துவிட்டு, "கரிக்குதுக்கா" என்றேன். அவர் என் அளவை அப்படியே ஏற்றுக்கொண்டார். அதைப் பார்க்கப் பெரிய தொலைநோக்கியில் கிடைத்திருந்த நேரம் வேண்டாம் என்று கடிதம் எழுதிவிட்டார். அனுப்பினால் அந்த நேரம் வேறொருவருக்குப் போய்விடும்.

பதிவேட்டை நகலெடுக்கும்போதுதான் என் கண்ணில் பட்டது. நம் காற்றின் ஈரமும் அதே இடத்தில் ஒளியை விழுங்கும். அதைக் கழிக்க, சோடியத்தின் சுவடு தெரியாத ஒரு சூடான விண்மீனையும் சேர்த்துப் பிடிப்போம். கழிக்க நான் எடுத்த விண்மீன், காற்று உலர்ந்திருந்தபோது பிடித்தது. பதினொன்றின் முறை வந்தபோது ஈரம் ஏறியிருந்தது. பதினொன்றை ஒட்டிப் பிடித்த இன்னொரு சூடான விண்மீன் கோப்பிலேயே இருந்தது. நான் திறக்கவே இல்லை. கழியாத ஈரம்தான் எனக்கு உப்பாகத் தெரிந்திருக்கிறது.

அவர் அறைக்கு ஓடினேன்.

"அனுப்பிட்டீங்களாக்கா?"

"எழுத்துப்பிழை பார்த்துட்டிருக்கேன். ஏன், மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு?"

சொன்னேன். அவர் தன் நாற்காலியை என் பக்கம் தள்ளிக் கொடுத்தார்.

சரியான விண்மீனை வைத்துக் கழித்ததில், பன்னிரண்டு முப்பத்தைந்துக்குப் பள்ளத்தின் ஆழம் பாதிக்கும் கீழே குறைந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"பல்லைக் காட்டாதே. ஆசைப்பட்ட பதில் வந்தா சந்தேகப்படணும். அடுத்து பிடிச்சது கிழட்டுக் குள்ளன்தானே? அதுக்கும் இதே கழிப்பைப் போடு. அதுவும் பாப்பாவாயிடுச்சுன்னா, நீ ஈரத்தைக் கழிக்கல, உப்பையே கழுவி ஊத்திட்டேன்னு அர்த்தம்."

கணினி மெதுவாக ஓடியது. பன்னிரண்டு நாற்பத்தெட்டு. ஐம்பத்திரண்டு. அக்காவின் விரல் 'அனுப்பு' பொத்தானின் மேலேயே இருந்தது. திரையில் கோடு இடமிருந்து வலமாக வளர்ந்து, சோடியத்தின் இடத்துக்கு வந்து, ஆழமாக விழுந்தது. கிழடு கிழடாகவே இருந்தது.

அக்கா கடிதத்தை அழித்தார். விசைப்பலகையை என் பக்கம் நகர்த்தினார்.

"பதினொன்றைப் பத்தின நம்ம கட்டுரையில ஒரு வரி சேர்க்கணும். நீயே எழுது."

எழுதினேன்: 'ஒப்பீட்டு விண்மீன் சரியாகத் தேர்ந்தெடுக்கப்படாததால் முதல் அளவீடு தவறானது.'

"தேர்ந்தெடுக்கப்படாததாலயா? அதுவா வந்து உக்காந்துச்சா?"

'நான்' என்று தொடங்கித் திருத்தி எழுதினேன்.